முதல் வெளிநாட்டு வேகநடைப் பந்தயத்துக்கு ஆயத்தமாகும் முறை: பாலக்கோட்டிலிருந்து கோதன்பர்க் வரை கற்றவை

2024 ஆகஸ்ட் மாதம் ஸ்வீடன் நாட்டின் கோதன்பர்க் நகரில் நடைபெற்ற உலக மூத்தோர் தடகளப் போட்டியில், 45 முதல் 49 வயது வரையிலான பெண்கள் பிரிவில் இரண்டு வேகநடைப் பந்தயங்களில் கலந்துகொண்டேன். ஓடுபாதையில் நடந்த 5000 மீட்டர் பந்தயத்தில், பத்தாவது சுற்றை முடிக்கப்போகும் நேரத்தில் தலைமை நடுவர் நடையில் பிழை என்று சிவப்புத் தட்டைக் காட்டி என்னை வெளியேற்றினார். சில நாள்கள் கழித்து நடந்த 10 கி.மீ. சாலைப் பந்தயத்தை, நடைப் பிழைக்கான ஒரே ஒரு சிவப்பு அட்டையுடன் 1 மணி 7 நிமிடத்தில் முடித்தேன். தருமபுரி மாவட்டம் பாலக்கோட்டுப் பக்கத்தில் கிராம சுகாதாரச் செவிலியராகப் பணிபுரிந்துகொண்டே, பயிற்சியாளர் எவருமின்றி, சேமநல நிதியிலிருந்து எடுத்த பணத்தில் அங்கே சென்றவள் நான். அடுத்து தருமபுரியிலிருந்தோ கிருஷ்ணகிரியிலிருந்தோ இப்படி ஒரு பந்தயத்துக்குப் புறப்படுகிறவருக்கு அந்தப் பத்தாவது சுற்று நேரக்கூடாது என்ற அக்கறையில் இதை எழுதுகிறேன்.

பிழை ஓடுபாதையில் தொடங்கவில்லை, ஊரிலேயே தொடங்கியிருந்தது. நான்கு ஆண்டுகள் அதிகாலை நான்கரை மணிக்கு ஏரிக்கரையில், இருட்டிலேயே பயிற்சி செய்தேன். வேகநடையில் இடுப்பு முன்னும் பின்னுமாகச் சுழலும், கைகள் விரைந்து வீசும். அதை நாலு பேர் பார்த்துப் பேசுவார்கள் என்ற கூச்சத்தினால், பால் சொசைட்டிக்கு ஆள் வரத் தொடங்கும் முன்பே வீடு திரும்பிவிடுவேன். அணிந்திருந்ததோ தொளதொளவென்ற சுடிதார் கால்சட்டை. ஆகவே என் குதிகால் தரையைத் தொடும் நொடியில் முழங்கால் நேராக இருக்கிறதா மடங்கியிருக்கிறதா என்பதைப் பயிற்சியில் வேறு எவரும் பார்த்ததில்லை, நானும் பார்த்ததில்லை. நடுவரின் கண் ஒன்றையே அளவுகோலாகக் கொண்ட ஒரு விளையாட்டுக்கு, யார் கண்ணிலும் படாமல் நான் ஆயத்தமாகியிருந்தேன்.

விதியும் நடுவரும்

வேகநடைக்கு உயிரான விதிகள் இரண்டே. முதலாவது, மனிதக் கண்ணுக்குத் தெரியும்படி இரண்டு கால்களும் ஒரே நேரத்தில் தரையை விட்டு எழக்கூடாது. இரண்டாவது, முன்னே வைக்கும் கால் தரையைத் தொட்ட கணத்திலிருந்து, உடல் அந்தக் காலுக்கு நேர் மேலாக வந்து நிமிரும் வரை முழங்கால் மடங்காமல் நேராக இருக்க வேண்டும். முதல் விதியில் உள்ள 'கண்ணுக்குத் தெரியும்படி' என்ற சொற்றொடரைக் கவனியுங்கள். நடுவர்கள் காணொளியையோ வேறு கருவியையோ துணைக்குக் கொள்வதில்லை. வெறுங்கண்ணால் பார்த்துத் தீர்மானிக்கிறார்கள். புகைப்படத்தில் உலகத்தின் தலைசிறந்த நடைவீரர்களின் பாதங்கள்கூடத் தரைக்கு மேலே தெரிவதுண்டு, அது குற்றமாகாது. இரண்டாவது விதியில் அப்படிப்பட்ட சலுகை எதுவும் கிடையாது. நாற்பது வயதைக் கடந்தவர்களுக்குத் தொடையின் பின்தசை இறுகியிருப்பதால், எங்கள் பிரிவுகளில் அட்டை விழுவது பெரும்பாலும் முழங்காலுக்காகத்தான்.

ஓடுபாதைப் பந்தயத்தில் தலைமை நடுவருடன் சேர்த்து ஆறு நடுவர்கள், சாலையில் ஆறு முதல் ஒன்பது பேர் வரை நிற்பார்கள். டேபிள் டென்னிஸ் மட்டையைப் போன்ற மஞ்சள் தட்டுகள் அவர்கள் கையில் இருக்கும். ஒன்றில் அலைபோன்ற கோடு வரைந்திருந்தால் தரைத்தொடர்பு விட்டுப்போகும் அபாயம் என்றும், மற்றொன்றில் கோணக்குறி இருந்தால் முழங்கால் மடங்கும் அபாயம் என்றும் பொருள். மஞ்சள் தட்டு எச்சரிக்கை மட்டுமே. ஒரு நடுவர் ஒரு வகைப் பிழைக்கு ஒரு முறைதான் அதைக் காட்ட முடியும். பிழையைத் தெளிவாகக் கண்ட நடுவர் சிவப்பு அட்டை எழுதித் தலைமை நடுவருக்கு அனுப்புவார். அதை உங்களிடம் காட்டமாட்டார். மஞ்சள் காட்டிய பிறகுதான் சிவப்பு எழுத வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை; இதைப் பலர் தவறாகவே புரிந்துவைத்திருக்கிறார்கள். வெவ்வேறு மூன்று நடுவர்களிடமிருந்து மூன்று சிவப்பு அட்டைகள் சேர்ந்தால் தகுதிநீக்கம். தண்டனைப் பகுதி அமைக்கப்பட்ட போட்டிகளில், மூன்றாவது அட்டைக்கு உடனே வெளியேற்றாமல் அந்தப் பகுதிக்குள் நிறுத்திவைப்பார்கள், 5 கி.மீ. பந்தயத்தில் அரை நிமிடம், 10 கி.மீ. என்றால் ஒரு நிமிடம், 20 கி.மீ. என்றால் இரண்டு நிமிடம். நான்காவது அட்டை வந்தால் அங்கும் வெளியேற வேண்டியதுதான். உங்கள் போட்டியில் அந்தப் பகுதி உண்டா என்பதைத் தொழில்நுட்பக் கையேட்டில் முன்கூட்டியே பார்த்துவிடுங்கள்.

பாதையோரத்தில் ஓர் அறிவிப்புப் பலகை வைத்திருப்பார்கள். உங்கள் எண்ணுக்கு நேராக எத்தனை சிவப்பு அட்டைகள் வந்திருக்கின்றன என்பது அதில் தெரியும். ஒவ்வொரு சுற்றிலும் அதைப் பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். 5000 மீட்டரில் எனக்கு முன்னால் போன போலந்துப் பெண்ணின் முதுகிலேயே என் பார்வை நிலைத்திருந்தது. ஏழாவது சுற்றில் என் எண்ணுக்கு எதிரே இரண்டு சிவப்புக் குறிகள் ஏறியிருந்ததைக் காணாமலேயே வேகத்தைக் கூட்டினேன். பலகையைப் பார்த்திருந்தால், மீதிச் சுற்றுகளை நிதானமாக நடந்தாவது முடித்திருப்பேன்.

தகுதிநீக்கம் அனுபவமில்லாதவர்களுக்கு மட்டும் நேர்வதன்று. 2000 சிட்னி ஒலிம்பிக்கின் பெண்கள் 20 கி.மீ. நடையில் முதலிடத்தில் வந்துகொண்டிருந்த ஆஸ்திரேலியாவின் ஜேன் சாவில், அரங்கத்துக்குள் நுழையும் இடத்தில், தன் நாட்டு மக்கள் கண்ணெதிரே சிவப்புத் தட்டைக் கண்டு நின்றார். 2016 ரியோ ஒலிம்பிக்கில் 20 கி.மீ. நடந்த நம் தமிழ்நாட்டின் கணபதி கிருஷ்ணனுக்கும் அங்கே தகுதிநீக்கமே முடிவாயிற்று. ஒலிம்பிக் வரை நடந்தே சென்றவரின் உழைப்பு அதனால் குறைந்துவிடுமா என்ன?

பகலில் பயிற்சி செய்யுங்கள்

வீட்டாரையும் ஊராரையும் பற்றிய கூச்சத்தை முதலில் தீர்த்துக்கொள்ள வேண்டும் என்று சொல்வதற்குக் காரணம் மன உறுதி பற்றியது மட்டுமன்று. அது தொழில்நுட்பம் சார்ந்தது. வெளிச்சம் இருந்தால்தான் காணொளி எடுக்க முடியும், முழங்கால் தெரியும் உடை அணிந்தால்தான் பிழை தெரியும். நடுவரின் பார்வையை மறைக்கும் உடையை விதியும் அனுமதிப்பதில்லை. அரைக்கால்சட்டை அணிய இயலாத பெண்கள், முழங்காலோடு ஒட்டியிருக்கும் டைட்ஸ் அணிந்து அதன்மேல் நீளமான டி-ஷர்ட் போட்டுக்கொள்ளலாம். நான் இப்போது அப்படித்தான் நடக்கிறேன். முதல் வாரத்தில் டீக்கடையில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர், "ஏம்மா நர்சம்மா, இடுப்புல ஏதாச்சும் வலியா, இப்பிடி நடக்கற?" என்று உண்மையான கவலையோடு கேட்டார். நின்று, இது ஒரு விளையாட்டு, ஒலிம்பிக்கில் இருக்கிறது என்று விளக்கினேன். அதன் பிறகு எதிர்ப்படும் டிராக்டரை ஓரங்கட்டச் சொல்லிக் குரல் கொடுக்கிறவர் அவர்தான்.

இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது சமதளமான தார்ச்சாலையை நாடுங்கள். தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் உள்ள மாவட்ட விளையாட்டு மைதானங்களுக்கு எட்டக்கூடிய தொலைவில் இருப்பவர்களுக்குக் கவலையில்லை. கிராமத்தில் இருப்பவர்களுக்கு நெடுஞ்சாலைத் துறையின் கற்களே போதும். ஒரு கிலோமீட்டர் கல்லுக்கும் அடுத்த கல்லுக்கும் நடுவே 2, 4, 6, 8 என எழுதிய சிறு கற்கள் 200 மீட்டருக்கு ஒன்றாக நட்டிருப்பார்கள். போக்குவரத்து குறைந்த கிளைச்சாலையில் அப்படி ஒரு கிலோமீட்டரைத் தேர்ந்து, போய்த் திரும்பி, போய்த் திரும்பி நடங்கள். சலிப்பாகத்தான் இருக்கும். ஆனால் சாலைப் பந்தயங்கள் இப்படி 1 முதல் 2 கி.மீ. வரையிலான சுற்றில்தான் நடக்கின்றன. ஒவ்வொரு திருப்பத்திலும் வேகம் எப்படி அறுபடுகிறது, திரும்பி எடுக்கும் முதல் பத்து அடிகளில் முழங்கால் எப்படி மடங்குகிறது என்பதெல்லாம் நேர்ச்சாலையில் ஐந்து கிலோமீட்டர் போகிறவருக்குத் தெரியவராது. ஏரிக்கரை மண்ணும், தொப்பூர்ப் பக்கத்துச் சரிவுகளும் நடைப்பயிற்சிக்கு ஏற்றவையல்ல. குறிப்பாக இறக்கத்தில் வேகமாக நடந்தால் தரைத்தொடர்பு விட்டுப்போகும்.

கைபேசியை முழங்கால் உயரத்தில், பாதைக்குச் செங்குத்தாக, ஐந்தாறு மீட்டர் தள்ளி வைத்துப் பக்கவாட்டில் படமெடுக்கச் சொல்லுங்கள். முழங்காலைச் சோதிக்க மெதுவோட்ட (ஸ்லோ மோஷன்) பதிவு தேவை: குதிகால் தரையைத் தொடும் படத்தில் நிறுத்திப் பாருங்கள், பின்பு உடல் காலுக்கு நேர் மேலே வரும் படம் வரை ஒவ்வொன்றாக நகர்த்துங்கள். தரைத்தொடர்பைச் சோதிக்கும்போது அதே மெதுவோட்டம் உங்களைக் குழப்பிவிடும்; நடுவரின் கண்ணுக்குத் தெரியாத இடைவெளியை எல்லாம் அது காட்டும். ஆகவே தொடர்பை இயல்பான வேகத்திலேயே பார்க்க வேண்டும். பந்தயத்தின் தொடக்கத்தில் அழகாக இருக்கும் நடை களைப்பில் குலைந்துபோகும் என்பதால், பயிற்சியின் கடைசிக் கிலோமீட்டரில் எடுக்கும் படமே மதிப்புள்ளது.

நடையின் அமைப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். குதிகால் முதலில் தரையைத் தொட வேண்டும், அப்போது கால்விரல்கள் மேல்நோக்கி இருக்க வேண்டும். சாலையோரத்து வெள்ளைக்கோடு இருபாதங்களுக்கும் நடுவில் அல்லாமல், இரு பாதங்களுக்கும் கீழேயே அமையும்படி அதன்மேல் நடந்து பழகுங்கள். அப்போது இடுப்பு தானாகச் சுழலும். முழங்கை ஏறத்தாழச் செங்கோணத்தில் மடங்கியிருக்க, கை நெஞ்சுக்கு மேலே ஏறாமல் இடுப்பையொட்டி வீச வேண்டும். கை மேலே ஏறினால் உடலும் மேலே எழும்பும். தோளை இறுக்காதீர்கள். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு முதல் இரண்டு மூன்று வாரங்கள் முன்கால் தசை, அதாவது கெண்டைக்காலுக்கு நேர் எதிர்ப்பக்கம், தீயாக எரியும். அது அந்தத் தசைக்குப் பழக்கமில்லாத வேலை. தினமும் குதிகாலால் மட்டும் ஐம்பது அடி நடப்பதும், நாற்காலியில் உட்கார்ந்து விரல்களைத் தூக்கித் தாழ்த்துவதும் அதைப் பலப்படுத்தும். வலி எலும்பின் ஒரே புள்ளியில் குத்தலாக நிலைத்தால் நடையை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

இப்போது என் பிழைக்கு வருகிறேன். மகாராஷ்டிரத்திலிருந்து வந்து என்னுடன் அறையில் தங்கியிருந்த அக்கா ஒருவர், நான் தகுதிநீக்கம் பெற்ற மறுநாள் காலை, தங்குமிடத்துக்கு அருகிலிருந்த பூங்காவில் என்னை நடக்கச் சொல்லிப் படமெடுத்தார். கிலோமீட்டருக்கு 6 நிமிடம் 40 விநாடி வேகத்தில் இரண்டு முழங்கால்களும் நேராக இருந்தன. பந்தயத்தில் நான் சென்ற 6 நிமிடம் 15 விநாடி வேகத்துக்கு மாறியதும், வலது பாதம் உடலுக்கு வெகு முன்னால் போய் விழுந்தது. அவ்வளவு தொலைவில் விழுந்த காலை நேராக்க என் பின்தசைக்கு நீளம் போதவில்லை. முழங்கால் மடங்கியபடியே தரையில் இறங்கி, அதன் பின்னரே நிமிர்ந்தது. நான்கு ஆண்டுகளாக நான் வேகம் என்று நினைத்துக்கொண்டிருந்தது இதைத்தான். முன்பக்கம் எட்டி வைப்பதால் வேகம் வருவதில்லை. பின்காலால் தரையைத் தள்ளுவதாலும், அடிகளை அடிக்கடி வைப்பதாலுமே வருகிறது. ஆகவே 10 கி.மீ. பந்தயத்தில் பாதத்தை உடலுக்கு அருகில் இறக்கி, அடிகளைக் குறுக்கி, கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 25 விநாடியை விட்டுக்கொடுத்தேன். அந்த 25 விநாடியைத் திரும்பப் பெற இன்று வரை பயிற்சி செய்துவருகிறேன். மூன்று வேளையும் தொடைப் பின்தசையை நீட்டும் பயிற்சி அதில் அடக்கம்.

உலகச் சாதனைகளைப் பார்த்து உங்கள் வேகத்தைத் தீர்மானிக்காதீர்கள். சீனத்தின் யாங் ஜியாயு 2021இல் பெண்கள் 20 கி.மீ. தூரத்தை 1 மணி 23 நிமிடம் 49 விநாடியில் கடந்தார். அது கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 4 நிமிடம் 11 விநாடி. நம் பிரியங்கா கோஸ்வாமி 2022 பர்மிங்காம் காமன்வெல்த் போட்டியில் 10,000 மீட்டரை 43 நிமிடம் 38.83 விநாடியில் நடந்து வெள்ளி வென்றார். அந்த நடைகளைக் காணொளியில் பார்த்துக் கற்க வேண்டியவை ஏராளம். ஆனால் உங்கள் பந்தய வேகம் என்பது, கடைசிக் கிலோமீட்டர் படத்தில் உங்கள் முழங்கால் நேராக இருந்த வேகம்தான்.

வாரத்துக்கு ஐந்து நாள், மொத்தம் 40 முதல் 45 கி.மீ. வரை என்பது வேலைக்குச் செல்லும் ஒருவருக்குப் போதுமானது. அதில் ஒரு நாள் 14 கி.மீ. நிதான நடை, ஒரு நாள், இடையிடையே ஓய்வு விட்டு, ஆறு முறை ஒரு கிலோமீட்டர் வேகநடை, ஒரு நாள் அமைப்புப் பயிற்சி மட்டும். சித்திரை, வைகாசியில் நம் பகுதியின் வெயிலில் ஏழரை மணிக்கு மேல் நடக்க முடியாது. ஆறு மணிக்குத் தொடங்கினால் வெளிச்சமும் கிடைக்கும், உடம்பும் தாங்கும்.

மருந்து மாத்திரைகள்

இந்தப் பகுதியை என் தொழில்முறை அறிவோடு அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். மூத்தோர் போட்டிகளிலும் ஊக்கமருந்து விதிகள் பொருந்தும். 40, 50 வயதில் நம்மில் பலர் இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறோம். டெல்மிசார்ட்டன் தனியாக இருந்தால் சிக்கலில்லை. அதனுடன் ஹைட்ரோகுளோரோதையசைடு சேர்ந்த கூட்டு மாத்திரை என்றால், அது சிறுநீரைப் பெருக்கும் மருந்து, எல்லாக் காலத்திலும் தடைசெய்யப்பட்டது. இன்சுலினும் தடைப்பட்டியலில் உள்ளதே. முழங்கால் வலிக்காக மூட்டில் போடப்படும் ஸ்டீராய்டு ஊசி 2022 முதல் போட்டிக் காலத்தில் தடைசெய்யப்பட்டிருக்கிறது. இதைப் படித்துவிட்டு எவரும் தாமாக மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. அட்டைப்பட்டியின் பின்புறம் உள்ள மூலப்பெயர்களை எழுதிக்கொண்டு போய் மருத்துவரிடம் காட்டி, மாற்று மருந்து தர இயலுமா என்று கேளுங்கள். இயலாதெனில், மருத்துவக் காரணத்துக்கான விலக்கு கோரிப் போட்டிக்குப் பல வாரங்களுக்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும். என் துணைச் சுகாதார நிலையத்துக்கு வரும் சர்க்கரை நோயாளி ஒருவர் நல்ல நடைவீரராகவும் இருக்கிறார்; அவருக்கு முதல் நாளே சொன்ன செய்தி இதுதான்.

தேர்வு, பணம், விசா

மூத்தோர் தடகளத்தில் 35 வயது நிறைந்தவர்கள், ஐந்தைந்து வயதுப் பிரிவுகளாகக் கலந்துகொள்ளலாம். போட்டி தொடங்கும் நாளில் உங்கள் வயது என்னவோ அதுவே உங்கள் பிரிவு. மாவட்டம், மாநிலம், தேசியம் என்று படிப்படியாகப் போக வேண்டும். பணம் கட்டும் முன்பு, உங்களை அழைக்கும் சங்கம் உலக மூத்தோர் தடகள அமைப்புடன் இணைந்த தேசியக் கூட்டமைப்பைச் சார்ந்ததா என்று உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். தேசியப் போட்டிகளில் உங்களுக்குக் காட்டப்படும் மஞ்சள் தட்டுகளை அங்கேயே குறித்துக்கொள்ளுங்கள். எனக்கு மாநிலத்திலும் தேசியத்திலும் கோணக்குறித் தட்டுகள் காட்டப்பட்டன. சிவப்பு வராததாலும் பதக்கம் வந்ததாலும் அவற்றை நான் பொருட்படுத்தவில்லை.

செலவு முழுவதும் நம்முடையதே என்று வைத்துக்கொண்டு திட்டமிடுங்கள். விமானம், நுழைவுக் கட்டணம், தங்குமிடம், சீருடை எல்லாம் சேர்த்து எனக்கு இரண்டே கால் லட்சம் ரூபாய் ஆயிற்று. அரசுப் பணியில் இருப்பவர்கள் வெளிநாடு செல்லத் துறை அனுமதி பெற வேண்டும். நான்கு மாதங்களுக்கு முன்பே விண்ணப்பம் போய்ச்சேர்ந்துவிட வேண்டும். ஸ்வீடன் உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகளுக்கான ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். அழைப்புக் கடிதம், நுழைவு உறுதிச்சீட்டு, வங்கிக் கணக்கு விவரம், 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு ஆகியவற்றுடன் பெங்களூரில் உள்ள விண்ணப்ப மையத்துக்கு நேரில் சென்று கைரேகை பதிய வேண்டும். நம் இரு மாவட்டத்தாருக்கும் சென்னையைவிடப் பெங்களூரு விமான நிலையமே வசதி. ஓசூரைத் தாண்டியதும் நெரிசல் எப்படியிருக்கும் என்று சொல்ல முடியாதாகையால், ஒரு பேருந்து முன்னதாகவே புறப்படுங்கள்.

பந்தயக் காலணியை எக்காரணம் கொண்டும் பெட்டியில் போட்டு அனுப்பாதீர்கள், கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். குதிகால் தடிமன் இல்லாத, அடிப்பாகம் மெல்லியதாக வளையும் காலணியாக அது இருக்க வேண்டும், குறைந்தது 100 கி.மீ. அதில் நடந்திருக்க வேண்டும். உணவைப் பொறுத்தவரை, ஐரோப்பாவுக்குள் இறைச்சியும் பால் பொருள்களும் கொண்டுசெல்ல அனுமதியில்லை. தாவரநலச் சான்றிதழ் இல்லாமல் மாம்பழமும் கொண்டுபோக முடியாது. கிருஷ்ணகிரிக்காரர்கள் ஆசைப்பட்டு எடுத்துவைத்துவிடாதீர்கள். வறுத்த ராகி மாவு, அவல், கடலை மிட்டாய், பேரீச்சை இவை போதும். நான் பந்தயத்துக்கு மூன்று மணி நேரம் முன்பு, வெந்நீரில் கரைத்த ராகிக் கூழும் ஒரு வாழைப்பழமும் எடுத்துக்கொண்டேன். வீட்டில் நீண்ட நடைக்கு முன் எதைச் சாப்பிட்டுப் பழகினீர்களோ அதைத் தவிர வேறெதையும் அன்று வாயில் வைக்காதீர்கள்.

அந்த நாளும் அதற்குப் பிறகும்

ஸ்வீடனில் ஆகஸ்ட் மாத நேரம் நம்மைவிட மூன்றரை மணி பின்தங்கியது. நான்கு நாள் முன்பே போய்ச் சேர்ந்தால் உடல் அதற்கு இசைந்துவிடும். குளிரைத்தான் நான் குறைத்து மதிப்பிட்டிருந்தேன். தருமபுரியில் பத்து நிமிடம் கைகால் அசைத்தால் வியர்த்துவிடும். அங்கே அரை மணி நேரம் நடந்த பின்பே தொடைத் தசை இளகியது. மழைக்காப்பு மேலாடையையும் முழுக்கால்சட்டையையும், பந்தயத்துக்கு முன் எல்லோரையும் கூட்டும் அழைப்பு அறைக்குள் போகும் வரை கழற்றாதீர்கள். பந்தயத்தில் கலந்துகொள்வதை முன்கூட்டியே உறுதிசெய்யக் காலக்கெடு உண்டு. அதைத் தவறவிட்டால் தொடக்கப் பட்டியலில் பெயர் இருக்காது. அழைப்பு அறைக்குக் குறித்த நேரத்தில் போக வேண்டும், செஸ்ட் நம்பரும் நாட்டுச் சீருடையும் அங்கே சரிபார்க்கப்படும். அறைக்குள் கைபேசிக்கு இடமில்லை.

சாலைப் பந்தயங்களில் நீர் அருந்துவதற்கென்று மேசைகள் உண்டு. அனுமதிக்கப்பட்ட இடத்தைத் தவிர வேறெங்கும் எவரிடமிருந்தும் தண்ணீர் வாங்கக் கூடாது. பாசத்தோடு நீட்டும் நம் நாட்டுக்காரரின் கையிலிருந்து வாங்கினாலும் அது விதிமீறல். நான் ஓ.ஆர்.எஸ். கரைசலைத்தான் வைத்திருந்தேன். பேதியாகும் குழந்தைகளுக்காக வீடுவீடாகப் போய் ஆயிரக்கணக்கில் கொடுத்த அதே பொட்டலம்: 20.5 கிராம் தூள், ஒரு லிட்டர் நீர். மேசையில் பல நாட்டுப் புட்டிகள் நெருக்கமாக நிற்கும், வேகமாகக் கடக்கும்போது உங்களுடையதைத் தேட நேரமிருக்காது. வீட்டில் பழைய பட்டுப்புடவையிலிருந்து கிழித்த ஒரு முழச் சிவப்புக் கரைத்துணியைப் புட்டிக் கழுத்தில் கட்டியிருந்தேன். பத்தடி தொலைவிலேயே அது கண்ணில் பட்டது. நின்று குடிக்காமல், நடையின் தாளம் கெடாமல் கையில் எடுப்பதை ஊரிலேயே, ஒரு முக்காலியைச் சாலையோரம் போட்டுப் பழகிவிட்டுப் போங்கள்.

தொடக்கத் துப்பாக்கி ஒலித்ததும் முதல் 200 மீட்டரில் எல்லோரும் பாய்வார்கள். போக விடுங்கள். கூட்டத்துக்குள் மற்றவர் பாதத்தை மிதிக்காமல் இருப்பதற்காக அடிகளை மாற்றும்போதே பிழை புகுகிறது. ஓரமாக, உங்களுக்கென்று ஒரு கோடு கிடைக்கும் இடத்துக்கு நகர்ந்துவிடுங்கள். நடுவர் நிற்கும் இடத்தில் மட்டும் ஒழுங்காக நடந்து, கடந்ததும் வேகம் கூட்டலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். செய்யாதீர்கள். அவர்கள் தொலைவிலிருந்தே பார்க்கத் தொடங்கிவிடுகிறார்கள். நடையை மாற்றும் இடம்தான் அவர்கள் கண்ணில் முதலில் படும். மஞ்சள் தட்டு காட்டப்பட்டால் முகம் வாடாமல், கோணக்குறியா அலைக்கோடா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கோணக்குறி என்றால் அடியைக் குறுக்குங்கள். அலைக்கோடு என்றால் கையைத் தாழ்த்துங்கள், தோளைத் தளர்த்துங்கள். 10 கி.மீ. பந்தயத்தின் மூன்றாவது கிலோமீட்டரில், வெள்ளைத் தொப்பி அணிந்த நடுவர் ஒருவர் எனக்குக் கோணக்குறியைக் காட்டியபோது, நெஞ்சு அடைத்தது உண்மை. ஆனால் இந்த முறை என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்திருந்தது.

பந்தயம் முடிந்ததும் நேரே அறைக்குத் திரும்பிவிடாமல், நடுவர் தொகுப்புத் தாளைக் கேட்டுப் பாருங்கள். எந்த நடுவர், எந்த நேரத்தில், எந்தப் பிழைக்கு உங்களுக்கு மஞ்சள் காட்டினார், சிவப்பு எழுதினார் என்பது அதில் பதிவாகியிருக்கும். தீர்ப்பை மாற்றச் சொல்லி வாதிடுவதற்காக அதைக் கேட்க வேண்டாம். உங்கள் நடையைப் பல நாடுகளின் தேர்ந்த கண்கள் ஒரே நாளில் பார்த்து எழுதிய குறிப்பு அது. இவ்வளவு தொலைவு போய் நாம் கொண்டுவரக்கூடியவற்றில் அதற்கு இணையானது எனக்குத் தெரியவில்லை. என் இரண்டு தாள்களும் வீட்டு பீரோக் கதவின் உட்புறம் ஒட்டியிருக்கின்றன. 5000 மீட்டர் தாளில் மஞ்சள் நான்கு, சிவப்பு மூன்று, எல்லாமே முழங்காலுக்கு. 10 கி.மீ. தாளில் மஞ்சள் இரண்டு, சிவப்பு ஒன்று; அந்தச் சிவப்பு எழுதப்பட்ட நேரத்தைக் கணக்கிட்டால் அது ஏழாவது கிலோமீட்டர். அதனால் இப்போது ஞாயிறுதோறும் என் மகள் கைபேசியோடு சாலையோரத்தில் வந்து உட்காருவது, நான் ஆறு கிலோமீட்டரைக் கடந்த பின்புதான். "வலது முட்டி இன்னும் கொஞ்சம் மடங்குதும்மா" என்று சென்ற வாரமும் சொன்னாள்.